மூடாத மூடியின் வரலாறு

என் மகள் வயிற்றுப் பேரன் கட்டடக்கலை கடைசி வருஷம் படிக்கிறான். கட்டட வரைபடங்களை முப்பரிமாணத்தில் காட்ட வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் போதவில்லை என்றான். பணம் நான் தருகிறேன், ஆனால் பெட்டி சின்னதாக இருக்கவேண்டும் என்றேன். மாடி அறையில் கட்டில், வரையும் மேசை, பீரோ எல்லாம் போக நிற்கவே இடம் கிடையாது. சொன்ன பேச்சைக் கேட்டு, செருப்பு வாங்கும்போது தரும் அட்டைப் பெட்டி அளவில் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினான். மற்ற பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் பொருத்திவிட்டு மாடியிலிருந்து குரல் கொடுத்தான்.

“தாத்தா, மூடி மூடவே மாட்டேங்குது.”

ஏறிப்போய்ப் பார்த்தேன். பிராசசர் மேல் உட்கார்ந்திருந்த கூலர், பெட்டியின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் கனத்துக்கு வெளியே நின்றது. பெட்டியின் குறிப்பில் கூலர் உயரம் 48 மி.மீ. வரை இருக்கலாம் என்று போட்டிருந்தது. கூலரின் அட்டையில் உயரம் 45 மி.மீ. என்று போட்டிருந்தது. இரண்டுமே பொய் இல்லை. அந்த 45 ஹீட்சிங்கின் உயரம் மட்டும். அதன் மேல் உட்காரும் 15 மி.மீ. ஃபேனின் கணக்கை வேறு ஒரு வரியில், பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆக மொத்தம் 60. பன்னிரண்டு மில்லிமீட்டர் அதிகம்.

மாதக் கடைசிக்குள் அவன் ப்ராஜெக்டை ஒப்படைத்தாக வேண்டும். பிரித்த பாகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்று விற்ற கடை கையை விரித்துவிட்டது. ‘சின்னதாக வாங்கு’ என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான் என்பதை அவன் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. அந்த உறுத்தலில் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் தெரிந்தது, இந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் வழக்கு எங்கள் வீட்டு மாடியில் தொடங்கியதல்ல, அதற்கு வயது முப்பதுக்கு மேல்.

நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் ஒரு சாமான் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு ‘ஆங்கோம்ப்ரமான்’ என்று பெயர். அலமாரியானாலும் மோட்டாரானாலும் அதன் நீள, அகல, உயரத்தை அந்தத் தலைப்பில்தான் போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், தெருவில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு வழி மறித்து நின்றாலும் அதே சொல்தான். ஒரு சாமானின் அளவு என்பது இன்னொரு சாமானுக்கு இடைஞ்சல் என்று அந்தச் சொல்லை உண்டாக்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் செய்தவர்களுக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆரம்பத்தில் அந்தக் கவலைக்கே அவசியம் இருக்கவில்லை. 1981-இல் ஐபிஎம் விட்ட முதல் பி.சி.யில் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய 8088 பிராசசர் மேல் ஹீட்சிங்கும் இல்லை, ஃபேனும் இல்லை. பவர் சப்ளைக்குள் இருந்த ஒரே ஃபேன் எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது. அந்தப் பெட்டியில் ஐந்து கார்டுகளைச் செருக இடம் விட்டு, ஒன்றுக்கொன்று 1 அங்குலம் தள்ளி வைத்திருந்தார்கள். 1983-இல் வந்த எக்ஸ்.டி. மாடலில் எட்டு கார்டுகள் வேண்டும் என்று அந்த இடைவெளியை 0.8 அங்குலமாகக் குறைத்தார்கள். மெட்ரிக்கில் 20.32 மி.மீ. இன்றைக்கு விற்கும் கிராபிக்ஸ் கார்டை ‘இரண்டு ஸ்லாட்’, ‘மூன்று ஸ்லாட்’ என்று சொல்கிறார்களே, அந்த ஸ்லாட்டின் அகலம் 1983-இல் போட்ட அதே 20.32 மி.மீ.தான். கூலரை மில்லிமீட்டரில் விற்கிறார்கள், கார்டின் கனத்தை மட்டும் இந்தப் பழைய அங்குலக் கணக்கில் பேசுகிறார்கள். மீட்டர் பிறந்த நாட்டின் பாடப்புத்தகங்களில் படித்த எனக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சண்டை முளைத்தது 486 காலத்தில். பிராசசரின் வேகம் ஏற ஏறச் சூடும் ஏறியது. அதன் தலையில் அலுமினியப் பட்டையை ஒட்டினார்கள். 1993-இல் பென்டியம் வந்தபோது பட்டையோடு ஃபேனும் சேர்ந்துகொண்டது. அன்றைக்குப் பெரும்பாலான மதர்போர்டுகள் ‘பேபி ஏ.டி.’ என்ற அமைப்பில் இருந்தன. அதில் பல போர்டுகளில் கார்டுகள் நீளவாக்கில் போகும் பாதையிலேயே பிராசசர் உட்கார்ந்திருக்கும். தட்டையாக இருந்தவரை கார்டு அதன் மேலாகப் போய்விடும். தலையில் ஃபேனை வைத்த நாளிலிருந்து முழு நீளக் கார்டு அதில் இடித்தது. கூலரும் கார்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டது அங்கேதான்.

1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அண்ணன் தம்பி சண்டையில் பெரியவர்கள் வீட்டைப் பிரித்துக் கொடுப்பதுபோல, போர்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, பிராசசரை பவர் சப்ளை பக்கமாக ஒரு மூலைக்குத் தள்ளினார்கள், கார்டுகளை இன்னொரு மூலைக்குத் தள்ளினார்கள். போர்டின் அளவு 305-க்கு 244 மி.மீ. இரண்டு பேருக்கும் தாராளமாக இடம் இருந்தது. கார்டு எவ்வளவு தடிமனாக இருக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. பாகங்கள் உள்ள முகப்பில் சுமார் 14.5 மி.மீ., முதுகுப் பக்கம் சுமார் 2.7 மி.மீ. டவர் பெட்டியில் கார்டின் முதுகு பிராசசர் பக்கம் மேலே பார்த்திருக்கும், முகம் கீழே பார்த்திருக்கும். அதனால் பின்னாளில் கார்டு கொழுத்தபோது, பிராசசர் பக்கம் போகாமல் கீழே காலியாக இருந்த அடுத்த ஸ்லாட்டைத்தான் விழுங்கியது. யாரும் கேட்கவில்லை. இடம் நிறைய இருக்கும் வீட்டில் ஆக்கிரமிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

சின்னப் பெட்டி மேல் ஆசை வந்த பிறகுதான் தெரிந்தது. 2000-இல் ஆப்பிள் விட்ட ஜி4 கியூப் 8 அங்குலக் கனசதுரம். ஃபேனே இல்லை, சூட்டுக்காற்று தானாக மேலே எழுந்து போகட்டும் என்று நடுவில் புகைபோக்கி மாதிரி விட்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பெரிய கார்டுக்கு அதில் இடம் கிடையாது. 2001 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அதே 2001-இல் தைவானின் வியா நிறுவனம் மினி ஐ.டி.எக்ஸ். என்ற போர்டை அறிமுகப்படுத்தியது. 170-க்கு 170 மி.மீ., ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. செருக ஒரே ஒரு ஸ்லாட். மின்சாரம் அதிகம் குடிக்காத, சூடு குறைந்த தங்கள் சொந்த பிராசசருக்காக அவர்கள் செய்தது அது. விளையாட்டுக்கோ முப்பரிமாண வரைபடத்துக்கோ அல்ல. பின்னால் வந்தவர்கள் அதே 170 மி.மீ. சதுரத்தில் முழு வேக பிராசசரையும் முழு அகல கிராபிக்ஸ் ஸ்லாட்டையும் ஏற்றினார்கள். 1995-இல் பிரித்து வைத்த அண்ணனும் தம்பியும் மறுபடி ஒரே அறைக்கு வந்து சேர்ந்தார்கள். உயரமான கூலரின் தகடுகள் கார்டின் முதுகில் இடிக்க ஆரம்பித்தன. ஆஸ்திரியாவின் நோக்டுவா 2015-இல் விட்ட என்.எச்.-டி15எஸ் என்ற கூலரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏதோ சாய்ந்துவிட்டதுபோலத் தெரியும். மேல் ஸ்லாட்டில் இருக்கும் கார்டுக்கு இடம் விடவேண்டும் என்பதற்காகவே தகடுகளை மையத்திலிருந்து நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் ஒரு சம்பவம் நடந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், தோற்றுப்போனது என்றாலும். 2004-இல் இன்டெல்லின் பென்டியம் 4 பிராசசர்கள் 100 வாட்டைத் தாண்டிவிட்டன. ஏ.டி.எக்ஸ். பெட்டியில் இந்தச் சூட்டைச் சமாளிப்பது கஷ்டம் என்று இன்டெல்லே பி.டி.எக்ஸ். என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. விரித்துச் சொன்னால் பேலன்ஸ்டு டெக்னாலஜி எக்ஸ்டெண்டட். பெயரிலேயே சமநிலை. பிராசசரைப் பெட்டியின் முன்பக்கம் கொண்டுவந்து, அதன் முன் ஒரு பெரிய ஃபேனையும் காற்றுக் குழாயையும் வைத்தார்கள். வெளிக்காற்று முதலில் பிராசசர் மேல் அடிக்கும், பிறகு சிப்செட், அதன் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு, கடைசியில் பின்பக்கம் வெளியேறும். போர்டையே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றி, கார்டின் சூடான முகம் காற்றோட்டம் உள்ள பக்கம் பார்க்கும்படி செய்தார்கள். அதுவரை எல்லாரும் தூரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தார்கள். காற்றையும் சேர்த்து, இரண்டு சூட்டையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தவர்கள் இவர்கள்.

ஆனால் கணக்கை பிராசசர் பக்கமிருந்தே எழுதிவிட்டார்கள். முதல் காற்று அதற்குத்தான், கார்டுக்குக் கிடைப்பது பிராசசரைத் தாண்டிவந்த சூடான காற்று. போர்டு செய்பவர்களோ, இருக்கிற அச்சையெல்லாம் மாற்ற வேண்டுமே என்று தயங்கினார்கள். 2006-இல் இன்டெல்லின் கோர் 2 டுயோ வந்தது. 65 வாட்தான். சூடு தணிந்ததும் பி.டி.எக்ஸ். தேவையற்றுப் போனது. அந்த வருஷமே அதை மேலே கொண்டுபோவதில்லை என்று இன்டெல் முடிவுசெய்தது. விதியைப் பாருங்கள், அதே 2006-இல்தான் என்விடியாவின் 8800 ஜி.டி.எக்ஸ். கார்டு வந்தது. இரண்டு ஸ்லாட் கனம், சுமார் 267 மி.மீ. நீளம். பிராசசர் இளைத்த வருஷத்தில் கார்டு கொழுத்தது. நியாயம் கேட்கவேண்டிய இடம் மாறிவிட்டது, நீதிபதியோ வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வழி கண்டுபிடித்தவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல. பெட்டிகள் மேல் பைத்தியம் பிடித்த தனி ஆட்கள். ஜெர்மனியின் டானியேல் ஹான்சன் வடிவமைத்த டான் ஏ4 என்ற பெட்டிக்கு 2016-இல் பொதுமக்களிடமே முன்பணம் திரட்டினார்கள். சுமார் 7 லிட்டர் கொள்ளளவு, அகலம் வெறும் 112 மி.மீ. சூட்சுமம் என்னவென்றால், கார்டை போர்டில் நேராகச் செருகவில்லை. வளையும் கேபிள் ஒன்றைப் போட்டு, கார்டை போர்டின் முதுகுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நடுவில் ஒரு தகட்டுச் சுவர். ஒரு பக்கம் பிராசசரும் கூலரும், மறுபக்கம் கார்டு. சாண்ட்விச் அமைப்பு என்கிறார்கள். இந்த யோசனை அவருக்கு முன்னாலும் சில பெட்டிகளில் இருந்தது, இவ்வளவு இறுக்கமாக இல்லை. 112-ஐப் பிரித்துப் பார்த்தேன். கூலருக்கு 48. இரண்டு ஸ்லாட் கார்டுக்குச் சுமார் 40. மிச்சம் 24 மி.மீ.க்குள் போர்டு, பிராசசர், சுவர், இரண்டு பக்க மூடி எல்லாம். ஒரு மில்லிமீட்டர்கூட வீண் இல்லை. பேரன் வாங்கியதும் இந்த வம்சத்துப் பெட்டிதான்.

இந்த அமைப்பில் இன்னொரு விஷயம் உண்டு, படித்தபோது நான் நம்பவில்லை. இடைவெளி குறைந்தால் கெடுதல் என்பது சரி, கூடினாலும் கெடுதல். ஓட்டை போட்ட மூடியை ஒட்டி ஃபேன் இருந்தால் வெளிக்காற்றை நேராக உறிஞ்சும். ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் சும்மா கிடந்தால், தான் வெளியே விட்ட சூட்டுக்காற்றையே பக்கவாட்டில் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதனால் சின்னக் கூலரை வைத்தவர்கள் அந்த இடைவெளியைச் சுற்றி ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டி வாய்க்கால் கட்டுகிறார்கள். அளவு என்பது இங்கே தூரமும் அல்ல, இடமும் அல்ல, காற்று வரும் வழி.

சமநிலை என்றால் ஆளுக்குச் சரிபங்கு என்று நினைத்த பெட்டியும் ஒன்று உண்டு. ஆப்பிள் 2013-இல் விட்ட மேக் ப்ரோ. 25 சென்டிமீட்டர் உயரத்தில் கறுப்பு உருளை. உள்ளே முக்கோண வடிவில் ஒரே ஹீட்சிங்க், ஒரு பக்கத்தில் பிராசசர், மற்ற இரண்டு பக்கங்களில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள், உச்சியில் ஒரே ஃபேன். வரைந்தவரை மெச்சத்தான் வேண்டும். ஆனால் மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே அளவு சூட்டைத் தருவார்கள் என்று நம்பிக் கட்டிய வீடு அது. உலகம் இரண்டு நடுத்தரக் கார்டை விட்டுவிட்டு ஒரே பெரிய கார்டின் பக்கம் போனது. முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. 2017-இல் ஆப்பிளின் மூத்த அதிகாரிகளே பத்திரிகையாளர்களை அழைத்து, சூட்டு விஷயத்தில் தாங்களே தங்களை ஒரு மூலையில் மாட்டிவைத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டார்கள். 2019-இல் வந்த அடுத்த மேக் ப்ரோ, கார்டுகளைச் செருகும் பழைய மாதிரிப் பெட்டிதான்.

சாண்ட்விச் பெட்டிக்காரர்கள் இதில் புத்திசாலிகள். ஃபார்ம்டி டி1 போன்ற பெட்டிகளில் நடுச்சுவரையே நகர்த்தும்படி செய்துவிட்டார்கள். கார்டு தடியாக இருந்தால் சுவர் கூலர் பக்கம் போகும், கூலர் உயரமாக வேண்டுமானால் கார்டு பக்கம் போகும். மொத்தம் மாறாது, பங்கு மட்டும் மாறும். யாருக்கு எவ்வளவு என்பதைப் பெட்டி செய்பவர் தீர்மானிக்காமல், உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவன் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இது பி.டி.எக்ஸ்.ஸைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது. எங்கள் பையன் வாங்கியதில் சுவர் நகராது, விலை குறைவு என்று அதை எடுத்திருந்தான்.

கார்டுகள் மட்டும் அடங்கவில்லை. 2020-இல் என்விடியாவின் 3080 கார்டு 320 வாட். 2022-இல் 4090 வந்தபோது 450 வாட், நீளம் 304 மி.மீ., கனம் 61 மி.மீ., முழுதாக மூன்று ஸ்லாட். போதாததற்கு அதன் மின்சாரக் கேபிள் கார்டின் விளிம்பிலிருந்து நேரே மூடியைப் பார்த்து நிற்கும். அதை மடக்குவதற்குத் தனியாக இடம் விடவேண்டும். மூடியை அழுத்தி மூடினால் இணைப்பில் போய் நெருக்கும். சில இணைப்புகள் உருகிவிட்டன என்று அந்த வருஷக் கடைசியில் உலகம் முழுக்கப் பேச்சாக இருந்தது. கார்டு எங்கே முடிகிறது, கேபிள் எங்கே தொடங்குகிறது என்பதை எந்த அட்டையும் சொல்லவில்லை. ஃபேனைக் கணக்கில் சேர்க்காத எங்கள் கூலர் அட்டையின் தம்பி இது.

கடைசியில் 2024 ஜூனில் என்விடியா ‘எஸ்.எஃப்.எஃப். ரெடி’ என்று ஒரு வரையறை வெளியிட்டது. சின்னப் பெட்டிக்கு உகந்தது என்று சொல்லிக்கொள்ளும் பெரிய கார்டின் நீளம் 304 மி.மீ.க்குள், உயரம் 151 மி.மீ.க்குள், கனம் 50 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். அந்த 151-க்குள் கேபிள் மடங்கும் இடமும் சேர்த்தி. எக்ஸ்.டி. காலத்திலிருந்து நாற்பத்தொரு வருஷம் கழித்து, கனத்தை மில்லிமீட்டரிலும் சொன்னார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். 2025 ஜனவரியில் அதே நிறுவனத்தின் 5090 வெளிவந்தது. 575 வாட் குடிக்கும் அந்தக் கார்டை, நிறுவனம் தன் பெயரில் விட்ட மாதிரியில் இரண்டே ஸ்லாட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். மின்பலகையைச் சுருக்கி நடுவில் வைத்து, இருபுறமும் காற்று கார்டை ஊடுருவிப் போகும்படி செய்தார்கள். கனம் குறைந்தது. ஆனால் சாண்ட்விச் பெட்டியில் அந்தச் சூட்டுக்காற்று நேராகப் போய் அடிப்பது நடுச்சுவரில், அதற்கு அந்தப்பக்கம் பிராசசர்.

எங்கள் பெட்டிக்கு வருகிறேன். கார்டு பக்கம் பிரச்சினை இல்லை, இரண்டு ஸ்லாட்தான், என் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தே பார்த்தேன். கூலரை மாற்றியாக வேண்டும். இந்தத் தடவை அட்டையை நம்பாமல் ஃபேனோடு சேர்த்து 37 மி.மீ. உயரம், 95-க்கு 95 மி.மீ. பரப்பு உள்ளதாக எடுத்தோம். மெமரியையும் தொடாது, கேபிளையும் தொடாது. பணத்தை நானே கொடுத்தேன்.

“அவ்வளவு சின்னக் கூலர் தாங்குமா தாத்தா?” என்று கேட்டான்.

“அது தாங்கற அளவுக்கு பிராசசரைக் குறைச்சு வெய்டா” என்றேன். அவன் செட்டிங்கில் போய் பிராசசரின் உச்சவரம்பை 65 வாட்டுக்கு இறக்கினான். அவனுடைய வேலையில் பாரம் முக்கால்வாசி கார்டின் மேல்தான் விழுகிறது, பிராசசர் அடங்கி ஓடினாலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. மூடிக்கும் ஃபேனுக்கும் நடுவில் மிச்சம் கிடந்த 11 மி.மீ.க்கு, என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த ஸ்பாஞ்சை வெட்டி நான்கு பக்கமும் ஒட்டினோம்.

மூடி மூடியது. நான்கு ஸ்க்ரூவையும் நானே முடுக்கினேன். அன்று ராத்திரி பதினொரு மணியிலிருந்து விடியற்காலம் நான்கு வரை ஒரு கட்டடத்தின் படங்களை வரிசையாகப் போட்டு எடுத்தது. மாடிப்படியில் நின்று கேட்டால் அடுக்களையில் குக்கர் விசிலுக்கு முன்னால் வரும் சத்தம் மாதிரி ஒரு சீறல். 28-ஆம் தேதி ப்ராஜெக்டைக் கொடுத்துவிட்டு வந்தான். மே மாதம் வந்தால் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டவேண்டும் என்று இப்போதே சொல்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை.